ஈறு நிறத்தில் ஒரு வண்டி

பல் லேப்பின் வாசலில், செருப்பு அடுக்கும் ரேக்குக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் மாட்டியிருக்கிறது. 'சக ஊழியர்களிடம் கனிவும், விட்டுக்கொடுக்கும் மனமும், இன்சொல்லும் கொண்டு, கூட்டாகப் பணிபுரிவதற்கு முன்மாதிரியாகத் திகழும் சகோதரிக்குச் செயற்கைப் பல் தயாரிப்போர் சங்கம் மகிழ்வுடன் வழங்குவது' என்று அதில் தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இதில் 'செயற்கைப் பல்' என்பது மட்டும் உண்மை.

பத்திரத்துக்கு உரியவரை லேப்பில் எல்லோரும் பல்செட் அக்கா என்பார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதை இல்லை, முன்னெச்சரிக்கை. பிறர் வாயைச் சரிசெய்வதையே பிழைப்பாக வைத்திருப்பதால் தன் வாயைக் கவனிக்க அக்காவுக்கு நேரமில்லை என்று அவருடைய வீட்டுக்காரர் சொல்வதுண்டு. குக்கர் விசில் அடிக்கும்போது பார்த்துச் சொல்வார்.

லேப் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடி, அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு அறைகள், நடுவே ஒரு நீண்ட தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி முதலாளியின் மேசையும் ஒரு கழிப்பறையும். கிழக்கு அறை அக்காவுடையது. பிளாஸ்டர் மாவு, அச்சுகள், கொதிக்கும் தொட்டி, பாலிஷ் மோட்டார் எல்லாம் அங்கே. மேற்கு அறையில் மெழுகுக்காரர். மெழுகில் ஈறு செய்து, பற்களை ஒவ்வொன்றாக அடுக்குவது அவர் வேலை. ஒரு பல் செட் முழுமையடைய வேண்டுமென்றால் கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டும், மேற்கிலிருந்து கிழக்கே திரும்பி வர வேண்டும், சில சமயம் மறுபடியும் போக வேண்டும். அதாவது, இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டால்தான் யாரோ ஒருவர் வீட்டில் அப்பளம் கடிக்க முடியும்.

அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு கோணல். மேடைப் பேச்சாளர் ஒருவருக்குச் செய்த செட்டில் முன்பற்களின் நடுக்கோடு மூக்குக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கிப் போய்விட்டது. பேச்சாளர் எதைச் சொன்னாலும் ஏளனமாகச் சொல்வது போலத் தெரிய, டாக்டர் செட்டைத் திருப்பி அனுப்பினார். மெழுகில் அடுக்கும்போதே கோணல் என்றார் அக்கா. தொட்டியில் வேகவைக்கும்போது நகர்ந்துவிட்டது என்றார் மெழுகுக்காரர். முதலாளி இருவரையும் நிற்கவைத்து, "ரெண்டு பேர் மேலயும் தப்பு" என்று தீர்ப்புச் சொன்னார். இதைவிடப் பாரபட்சமான தீர்ப்பு இருக்க முடியாது என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றால் மௌனம் என்று அர்த்தமில்லை. இருவரும் நிறையப் பேசினார்கள், சுவரிடம். அக்கா மாவு பிசையும் கிண்ணத்தைப் பார்த்து, "சில பேருக்குக் கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் பாக்கும்போல" என்பார். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மெழுகுக்காரர் தன் ஸ்பிரிட் விளக்கிடம், "சில பேரு கைய வெச்சா வேகறது மட்டுமில்ல, கருகிடும்" என்பார். தட்டுகளை இங்கும் அங்கும் எடுத்துப் போய்க்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாதான் இவற்றையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டியிருந்தது. ஒருநாள் அவர் தாழ்வாரத்தின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தட்டை அதன் மேல் வைத்துவிட்டு, முதலாளியிடம் சொன்னார்: "பல்லுன்னா தூக்கறேன் சார். இவங்க நாக்கையும் தூக்கச் சொன்னா என்னால ஆகாது."

அதற்குப் பிறகு தட்டுகள் ஸ்டூலில் காத்துக் கிடந்தன. தன் அறையிலிருந்து ஸ்டூல் வரைக்கும் வருவது யாருக்கு இறக்கம், யாருக்கு ஏற்றம் என்ற கணக்கில் இரண்டு பேருமே வரவில்லை. பல்லில்லாத மனிதர்கள் கஞ்சியோடு நாள் ஓட்டினார்கள். டாக்டர்கள் போன் செய்தார்கள்.

முதலாளி அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே நுழையவில்லை.

"அக்கா, மாசக் கடைசியில நம்ம பெரிய டாக்டர் அனுப்பற முழு செட் ஒண்ணு இருக்கு. அது தாழ்வாரத்துல தூங்குச்சுன்னா அந்த டாக்டர் வேற லேப் பாத்துக்குவாரு. அப்புறம் நான் இங்க ரெண்டு பேரை வெச்சிக்க முடியாது."

"ஒருத்தரை வெச்சிக்கங்க."

"அவன் என் வீட்டுக்காரி கூடப்பொறந்தவன். யாரை வெச்சிக்குவேன்னு நான் வாயத் தொறந்து சொல்லணுமா?"

அக்கா யோசித்தார். அந்தக் கிழக்கு அறையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தொழிலைத் தவிர வேறு கைத்தொழில் கிடையாது. அந்த வட்டாரத்தில் வேறு லேப்பும் கிடையாது. இருந்த ஒன்றோடும் அவரே போன வருடம் சண்டை போட்டு உறவை முறித்திருந்தார்.

"நீங்களே தட்டை எடுத்துட்டுப் போயி அவன் மேசையில வெச்சா கை தேஞ்சிடுமா?" என்றார் முதலாளி.

"தேஞ்சிடும்" என்றார் அக்கா.

வேலை போகக் கூடாது. அந்த ஆளின் அறைக்குள்ளும் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அக்காவுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. லேப்பில் பழுதான சின்ன மோட்டார்களை வீட்டுக்கு எடுத்து வந்து பிரிப்பதில் ஆரம்பித்தது. பிறகு பொம்மைச் சக்கரம், பேட்டரி, விரல் அகலத்துக்கு ஒரு எலக்ட்ரானிக் போர்டு என்று சேர்ந்து, டார்ச் அடித்தால் வெளிச்சத்தை நோக்கி ஓடிவரும் ஒரு சின்ன வண்டியாக முடிந்திருந்தது. புரோகிராம் எழுதுவதைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுப்பவரைப் பாதியில் நிறுத்திவைத்துத் திட்ட முடிகிற ஒரே கல்வி முறை அது என்பதால் அவருக்குப் பிடித்திருந்தது. அவருடைய வீட்டுக்காரர், எடைமேடையில் லாரிகளை நிறுக்கும் வேலையில் இருப்பவர், இந்தச் சேர்க்கையைச் சந்தேகத்தோடுதான் பார்த்து வந்தார்.

"தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம சண்டை போட்டாச்சு. இப்ப நீயே ஒண்ணச் செஞ்சு அதோடயும் சண்டை போடப் போறியா?"

"இது எதிர்த்துப் பேசாது."

"அப்ப உனக்கு போரடிச்சிடுமே."

அந்த வண்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்துப் பிரித்து, லேப்புக்கு ஏற்றபடி புதிதாகக் கட்டினார். அடித்தட்டுக்கு நல்ல பலகை வாங்கலாம். ஆனால் கையில் பல் செட் செய்யும் அக்ரிலிக் பொடி மிச்சம் இருந்தது. அதைப் பிசைந்து, தட்டையாக வார்த்து, வேகவைத்து, பழக்கதோஷத்தில் பாலிஷும் போட்டுவிட்டார். ஆக, வண்டி அசல் ஈறு நிறத்தில், ஈரம் மினுங்க, யாரோ வாயைத் திறந்து தரையில் வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. பின்னால் இரண்டு சக்கரம், இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். முன்னால் எந்தப் பக்கமும் உருளும் ஒரு குண்டு. மேலே தட்டு வைக்க ஒரு பள்ளம். அடியில் தரையைப் பார்க்கும் இரண்டு கண்கள். தாழ்வாரத்தின் வெள்ளைத் தரையில் ஒரு கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் போதும். டேப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண் நடக்கும். இடது கண்ணில் கறுப்பு பட்டால் வண்டி வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே இடது சக்கரம் நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பிக் கோட்டுக்கு வந்து சேரும். அவ்வளவுதான் அதன் அறிவு. அதைவிட அதிக அறிவு உள்ளவர்கள் அந்த லேப்பில் இருந்தும் தட்டு நகரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் ஓட்டம் படுதோல்வி. வண்டி கோட்டை விட்டு இம்மி விலகியதும், திரும்பி வருவதற்குப் பதில் இன்னும் வேகமாக விலகிப் போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி வைத்தார். மறுபடி முட்டியது. கோடு என்றாலே அதற்கு ஆகவில்லை.

"பெத்தவ குணம் அப்படியே இருக்கு" என்றது மேற்கு அறை.

அக்கா புரோகிராமை வரிக்கு வரி பார்த்தார். கண்கள் இடம் மாறியிருக்க வழியில்லை. அவை ஒரே பட்டையாக, ஒரு விதமாக மட்டுமே பொருந்தும் செருகியோடு வந்தவை. மோட்டார் வயர்களை, வீடியோவைப் பார்த்து வரைந்து தாழ்வாரச் சுவரில் ஒட்டிவைத்திருந்த வண்டிப் படத்தோடு ஒப்பிட்டார். சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அது சரியாகவே இருந்தது, வண்டியும் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மெழுகுக்காரர் கழிப்பறைக்குப் போகிற வழியில் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய், விளக்கைப் பார்த்து, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"படத்துல இடது பக்கம்னா ஆளுக்கு வலது பக்கம். அது வாய்க்கு! நோயாளி நம்ம எதிர்ல வாயத் தொறந்து உக்காந்திருப்பான், அதனால. வண்டி என்ன எதிர்ல வந்து வாயத் தொறந்துக்கிட்டா உக்காந்திருக்கு?"

பல் வேலை செய்கிறவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தவறைச் செய்ய முடியாது. இருபது வருடமாக அக்கா பார்த்த படங்களிலெல்லாம் இடப்பக்கம் இருப்பது நோயாளியின் வலப்பக்கம். மேலிருந்து வரைந்த வண்டிப் படத்தையும் கை அப்படியே படித்து, இடது மோட்டாரை வலது என்று இணைத்துவிட்டது. மெழுகுக்காரருக்கு அது ஏன் பார்த்ததும் புரிந்தது என்றால், அவர் செய்திருந்தாலும் இதே தவறைத்தான் செய்திருப்பார்.

அக்கா முகம் சிவந்து வயர்களை மாற்றிச் செருகினார். வண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டு சாதுவாக மேற்கே போயிற்று.

"கேக்காமலே புத்தி சொல்றவங்களுக்கு இந்த ஊர்ல பஞ்சமே இல்ல" என்று மாவுக் கிண்ணத்திடம் சொன்னார். அவரிடமிருந்து நன்றிக்கு இதைவிட நெருக்கமான வார்த்தை எதிர்பார்க்க முடியாது.

நான்கு நாள் ஓடியது. பிறகு நடுவழியில் நின்று, திருதிருவென்று விழித்து, தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் கறுப்பு டேப் வெளுத்திருந்தது. "சோடா உப்பு போட்டுத் தேய்ச்சிருக்கான்! இந்த அல்பத்தனத்துக்கு ஒரு அளவு வேணாமா?" என்று அக்கா தாழ்வாரத்தில் நின்று கத்தினார். உண்மையில் வெளுக்கவைத்தது அக்காவின் செருப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் மாவு. மெழுகுக்காரர் அதுவரை எதுவும் செய்யவில்லை. செய்யலாம் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை. பழி வந்துவிட்ட பிறகு காரியத்தைச் செய்யாமல் விடுவது நஷ்டம் என்று நினைத்தார்.

மறுநாள் காலையில் அவர் தானே ஒரு கறுப்பு டேப் வாங்கி வந்து, அக்காவின் கோட்டிலிருந்து அழகாக ஒரு கிளை பிரித்துக் கழிப்பறை வரைக்கும் ஒட்டினார். வண்டி அதை நம்பியது. கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த முதலாளியின் காலடியில், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் மேல்தாடை காத்திருந்தது.

"யாரு வேலை இது?"

இரண்டு அறைகளும் வேலையில் மூழ்கியிருந்தன.

"அக்கா, மாசக் கடைசி ஞாபகம் இருக்கட்டும். டாக்டர் நேர்லயே வராராம்" என்றார் முதலாளி. மச்சினனை ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர்.

கோட்டை நம்பிப் பயனில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. கோடு என்றால் யார் வேண்டுமானாலும் போடலாம். சுவரை மாற்ற முடியாது. எனவே சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கும்படி வண்டியை மாற்றினார். பக்கவாட்டில் ஒலி அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அறியும் ஒரு சென்சார். இரண்டு கண் போய் ஒரு காது வந்தது. அது ஒழுங்காகப் போவதை ஒரு நாள் கவனித்த மெழுகுக்காரர், அடுத்த நாள் தன் கனத்த பழைய ஏப்ரனைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டார். துணி ஒலியை விழுங்கிக்கொண்டது. சுவரே காணாமல் போய்விட்டதாக நினைத்த வண்டி, சுவரைத் தேடிக்கொண்டு ஏப்ரனுக்குள் புகுந்து மூச்சுத் திணறியது.

அக்கா அதை வெளியே இழுத்து, தூசி தட்டி, "புகுந்த இடம் சரியில்ல" என்றார்.

பாதிப் பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பி இருக்கிறதே, மெல்லியதாய், விறைப்பாய், அதில் இரண்டு மீசை வளைத்து வண்டியின் முன்பக்கம் வைத்தார். மீசை எதிலாவது பட்டால் உள்ளே ஒரு ஸ்விட்ச் அழுந்தும். வண்டி பின்வாங்கி, கொஞ்சம் ஒதுங்கி, மறுபடி முயலும். மெழுகுக்காரர் வழியில் நாற்காலி போட்டார். வண்டி மீசையால் தொட்டு, பின்வாங்கி, ஒதுங்கி, மூன்றாவது முயற்சியில் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கடைசியில் அவர் ஒன்றும் செய்யாமல் இருந்து பார்த்தார்: வந்த தட்டை எடுக்கவில்லை. வண்டி அவர் காலடியில் நாள் முழுக்கக் கிடந்தது. மறுநாள் தட்டின் பள்ளத்துக்கு அடியில் ஒரு ஸ்விட்சும் ஒரு பஸ்ஸரும் வந்துவிட்டன. மேற்குக் கோடியை அடைந்த பிறகு தட்டை எடுக்கிற வரைக்கும் கீச்சிடுவது ஓயாது. அது பல் கூசும் சத்தம். அக்கா பல கடைகளில் ஏறி இறங்கிக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சத்தம்.

வீட்டில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்: "அந்த ஆளு இல்லன்னா உன் வண்டி இன்னும் சுவத்துல முட்டிக்கிட்டுதான் இருக்கும். பாதி டிசைன் அவரோடது."

அன்று அவருக்கு ரசத்தில் உப்பு இல்லை.

மாதக் கடைசி வந்தது. பெரிய டாக்டரும் வந்தார், காரைக் கீழே அணைக்காமல் விட்டுவிட்டு. அக்கா வார்த்த அச்சு தட்டில் தயாராக இருந்தது. அது மேற்கே போய்ப் பல் அடுக்கித் திரும்பினால் மாலைக்குள் முடித்துவிடலாம். முதலாளி தாழ்வாரத்தின் நடுவில் இருந்த ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். அக்கா வண்டியைத் தரையில் வைத்து, ஸ்விட்சைத் தட்டினார்.

"இது என்ன, வாய் கொப்பளிக்கச் சொல்லலாம் போல இருக்கு" என்றார் டாக்டர்.

வண்டி சுவரோடு சுவராகப் போயிற்று. ஏப்ரன் இல்லை. நாற்காலி இல்லை. டேப் இல்லை. பாதித் தூரம் போன பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள்: மெழுகு அறையின் கதவு மூடியிருந்தது.

அந்தக் கதவு மூடி யாரும் பார்த்ததில்லை. இத்தனை நாள் போட்ட தடைகளிலெல்லாம் கொஞ்சம் கைத்திறமையாவது இருந்தது. இது வெறும் கதவு. இதற்கு அக்காவிடம் சென்சார் கிடையாது. முதலாளி அக்காவைப் பார்த்தார். கதவைத் தட்டச் சொல்கிறது அந்தப் பார்வை. மச்சினனை அதட்ட அவருக்கு வாய் வரவில்லை. அக்கா மாவுக் கையை முந்தானையில் துடைத்தார். ஓரடி வைத்தால் வேலை நிலைக்கும். வைக்கவில்லை.

வண்டி கதவை அடைந்தது. மீசை தொட்டது. டக். பின்வாங்கியது, கொஞ்சம் ஒதுங்கியது, மறுபடி போயிற்று. டக். நாற்காலிக்காகக் கற்றுக்கொண்ட வித்தை. நாற்காலியைச் சுற்றிப் போகலாம், கதவைச் சுற்றிப் போக முடியாது என்பது அதற்குத் தெரியாது. டக். கோடி வந்துவிட்டதால் பஸ்ஸரும் கீச்சிட ஆரம்பித்தது. டக், கீச். டக், கீச். அக்காவாக இருந்தால் மூடிய கதவைப் பார்த்த மாத்திரத்தில் திரும்பியிருப்பார், ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார். மெழுகுக்காரரும் அப்படித்தான். இரண்டு ரோஷக்காரர்கள் சேர்ந்து ரோஷமே இல்லாத ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள்.

டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். முதலாளி "அக்கா, நிறுத்துங்க" என்றார். அக்கா நிறுத்தவில்லை. டக், கீச்.

கதவு படாரென்று திறந்தது.

"ஒரு தடவ மூடினா தெரியாதா உனக்கு? மானம் ரோஷம் எதுவும் கிடையாதா?" என்று மெழுகுக்காரர் குனிந்து வண்டியைப் பார்த்துக் கத்தினார். சுவரிடமோ விளக்கிடமோ இல்லாமல் முகத்துக்கு நேராக அந்தத் தாழ்வாரத்தில் அவர் ஒருவரிடம் பேசியது கோணல் விவகாரத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வண்டி பதிலுக்குக் கீச்சிட்டது. அவர் தட்டை வெடுக்கென்று எடுத்தார். சத்தம் நின்றது. நிமிர்ந்தபோது முதலாளியும் டாக்டரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது.

"அச்சு சுமார்" என்று தட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவை மூடவில்லை. மதியத்துக்கு மேல் வண்டி பல் அடுக்கிய மெழுகு செட்டோடு கிழக்கே திரும்பி வந்தது. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, விளக்கடியில் நடுக்கோட்டை நூல் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கு நேராக இருந்தது. "பயம் இருந்தா கோணல் வராது" என்றார், கிண்ணத்திடம்.

அக்காவின் வேலை நின்றது, அதாவது, நிலைத்தது. டாக்டர் இந்தக் கதையைச் சங்கத்தில் போய்ச் சொல்ல, சங்கத்தார் ஆளைப் பார்க்காமலே பத்திரம் அச்சடித்தார்கள். இது இரண்டு பேருடைய கூட்டு முயற்சி என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். தன் பெயரை அந்த அம்மாவோடு சேர்த்து எழுதினால் கோர்ட்டுக்குப் போவேன் என்றார் மெழுகுக்காரர். அந்த ஆள் பெயர் இருக்கிற காகிதத்தைத் தொட மாட்டேன் என்றார் அக்கா. இப்படியாகக் கூட்டாகப் பணிபுரிந்ததற்கான பத்திரம் ஒருவருக்கு மட்டும் வந்தது. அக்கா அதை ஒருமுறை படித்துவிட்டு, "சட்டம் நல்ல மரம்" என்றார்.

ஈறு நிற வண்டி இப்போதும் தினமும் தாழ்வாரத்தில் போய் வருகிறது. மீசை ஒன்று வளைந்திருக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருக்கிறது, அதை யாரும் சுரண்டவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

பத்திரத்தில் உள்ள எதையும் அக்கா செய்யவில்லை. அவர் செய்தது இது: எதிர் அறைக்காரரின் முகத்தில் விழிக்காமல் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, பல் செட் தட்டைச் சுமந்து செல்லும் ஒரு வண்டியைச் செய்தார். அது ஓடியது.